ரூத் கட்டிய வீடு

நேயர் விருப்பத்தில் பழைய பாடல் ஒன்று ஒலிக்கும்போது, பாடியவர் யார் என்று கேட்போம். அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை. கேட்க வைத்தவர், அமெரிக்க ‘ரிதம் அண்ட் புளூஸ்’ பாடகி ரூத் பிரவுன்.

1928ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தவர் இவர். 1948ஆம் ஆண்டு நியூயார்க்கின் அப்போலோ அரங்கில் பாடச் சென்ற வழியில் கார் விபத்து. கால்களில் பலத்த காயம். அப்போதுதான் தொடங்கியிருந்த அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம், மருத்துவமனைப் படுக்கையிலேயே அவரை ஒப்பந்தம் செய்தது.

1950ஆம் ஆண்டு வெளியான ‘டியர்டிராப்ஸ் ஃபிரம் மை ஐஸ்’ பாடல், ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையில் 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அடுத்தடுத்து வெற்றிகள். வரியின் உச்சியில் குரல் சற்றே உடைந்து கீச்சிடும். அதுவே அவரது முத்திரை. அட்லாண்டிக்கை ‘ரூத் கட்டிய வீடு’ என்றே இசையுலகம் அழைத்தது.

ஆனால், அந்த வீட்டில் அவருக்குப் பங்கு இல்லை. ஒலிப்பதிவுச் செலவுகளைப் பாடகர் கணக்கிலேயே எழுதுவது அன்றைய வழக்கம். இசைத்தட்டு விற்றாலும் ஏட்டில் அவர் கடன்காரர்தான். 1960களில் ரசனை மாறியது, வாய்ப்புகள் வற்றின. இரண்டு மகன்களை வளர்க்க, வீட்டு வேலை செய்தார். பள்ளிப் பேருந்தும் ஓட்டினார்.

1970களின் நடுவில் மீண்டும் மேடையேறினார். 1980களில், அவரது ரசிகரான வழக்கறிஞர் ஹோவல் பெகல் துணையுடன் உரிமைத்தொகை கேட்டுப் போராடினார். 1988ஆம் ஆண்டு அட்லாண்டிக் இறங்கி வந்தது. ரூத்தின் கணக்கு மட்டுமல்ல, மற்ற பழைய கலைஞர்களின் கணக்குகளும் திருத்தப்பட்டன. நலிந்த கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளையும் அந்நிறுவனத்தின் நிதியுடன் பிறந்தது.

தமக்கு மட்டும் காசோலை வாங்கிக்கொண்டு அவர் ஒதுங்கிவிடவில்லை. பாடல்களுக்கு நிகராக அவர் விட்டுச்சென்ற சொத்து அதுதான்.

1989ஆம் ஆண்டு ‘பிளாக் அண்ட் புளூ’ மேடை இசை நிகழ்ச்சிக்காக டோனி விருது, பிறகு கிராமி விருது, 1993ஆம் ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழரங்கில் இடம். 2006ஆம் ஆண்டு, 78 வயதில் காலமானார்.

இன்றும் அமெரிக்காவில் எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், அதை எழுதியவருக்குத் தொகை உண்டு. பாடியவருக்குச் சட்டப்படி எதுவும் இல்லை. ஒலிவாங்கியின் இந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் எனக்கு அது உறுத்தவே செய்கிறது. ரூத் தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை.