ஏழு ஏரிப் பள்ளத்தில் இரவு தங்க வேண்டுமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடலோரம் இருக்கிறது ஒலிம்பிக் தேசியப் பூங்கா. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கிறது. அந்தச் சரிவிலுள்ள ஹோ பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை. மலைக்கு மறுபக்கமுள்ள செக்விம் ஊருக்கோ 400 மி.மீ. கிடைத்தாலே அதிகம். ஹோவில் இருப்பது மழைக்காடு என்றாலும் குளிர்காடு. மரமெல்லாம் பாசி, விழுந்த மரத்தின் முதுகில் புதுக் கன்றுகள்.

இந்தக் காட்டைத் தாண்டி ஏறினால் 'செவன் லேக்ஸ் பேசின்' என்ற ஏழு ஏரிப் பள்ளம். பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் தேங்கிய ஏரிகள். சோல் டக் ஆற்றங்கரையில் புறப்பட்டு, மான் ஏரி வழியாக ஏறி, 'ஹை டிவைட்' முகட்டில் நடந்து திரும்பினால் ஏறக்குறைய 30 கி.மீ. முகட்டில் நின்றால் எதிரே 2,432 மீட்டர் உயர ஒலிம்பஸ் சிகரம்.

நடந்து போய்விட்டால் மட்டும் போதாது. எந்த இரவு எங்கே தங்குவது என்று முன்கூட்டியே பதிந்து அனுமதி வாங்க வேண்டும். ஏரிக்கரையில் குறிக்கப்பட்ட இடத்தில்தான் கூடாரம். கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் அந்த உயரத்தில் செடிகொடிகளுக்குக் கிடைப்பது பனியில்லாத சில வாரங்கள்தான். கூடாரத்தின் அடியில் நசுங்கிய புல்வெளி தேறப் பல ஆண்டுகள் ஆகும். 1,070 மீட்டருக்கு மேலே விறகுத் தீ மூட்டவும் தடை; சமையலுக்குச் சிறு எரிவாயு அடுப்பு.

சாப்பாட்டை வைக்கக் கெட்டிப் பிளாஸ்டிக் உருளை ஒன்றைச் சுமக்க வேண்டும். கரடியின் வாய்க்குள் அடங்காத பருமன். வழவழப்பாக இருப்பதால் நகமும் பிடிக்காது. சில வகைகளின் மூடியை நாணயத்தால் திருகித்தான் திறக்க முடியும். பற்பசையும் சோப்பும்கூட அதற்குள்தான் போக வேண்டும், ஏனென்றால் கரடிக்கு வாசனை வந்தால் எல்லாமே தின்பண்டம்.

இன்னொரு விதி சிரிப்பை வரவழைக்கும்: பாதையோரம் சிறுநீர் கழிக்காதீர்கள், தள்ளிப் போங்கள். காரணம் மலையாடுகள். வேட்டைக்காக 1920களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை அவை. இந்த மலையில் இயற்கையான உப்புப் படிவுகள் இல்லாததால் மனிதரின் வியர்வைக்கும் சிறுநீருக்கும் பழகி, ஆளை நெருங்கத் தொடங்கின. 2010இல் ஓர் ஆடு முட்டி, நடைபயணி ஒருவர் இறந்தார். பிறகு 2018 முதல் 2020 வரை ஹெலிகாப்டரில் 325 ஆடுகளைப் பிடித்து, அவற்றின் சொந்த மண்ணான வடக்குக் கேஸ்கேட் மலைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆனாலும் மானுக்கும் உப்பு ருசி உண்டு என்பதால் அந்த விதிக்கு இன்றும் வேலை இருக்கிறது.

போவதென்றால் ஜூலை கடைசிக்கு மேல் செப்டம்பருக்குள் போவது நல்லது. அதற்கு முன்னால் முகட்டில் பனி கிடந்து வழுக்கும். அக்டோபரில் மழை தொடங்கிவிடும். ஏரித்தண்ணீர் பளிங்காகத் தெரிந்தாலும் ஜியார்டியா கிருமி இருக்கலாம், வடிகட்டியோ கொதிக்க வைத்தோ குடியுங்கள்.