வேலைவாய்ப்பு முகாமில் நம் பிள்ளைகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழிலுக்கு நலிவு வருவது புதிதன்று. 1996 ஆகஸ்டில் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோதும், 2020 இல் கொரோனாவினால் ஆலைகள் அடைபட்டபோதும் நம் குடும்பங்கள் பல தவித்தன. 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகளுக்கு விதித்த 50 விழுக்காடு தீர்வை, காலணி ஏற்றுமதியை நம்பிய இப்பகுதியை மீண்டும் கலங்கச் செய்தது.

இத்தகைய காலத்தில்தான் வேலைவாய்ப்பு முகாம்களில் கூட்டம் பெருகுகிறது. காலியிடமோ சில, வரிசையில் நிற்போரோ பலர். எல்லாருடைய கையிலும் ஒரே பட்டம், ஒரே கடையில் அச்சடித்த ஒரே மாதிரி பயோடேட்டா! ‘பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்டல்’ என்ற வரிகூட மாறுவதில்லை. மேசைக்கு அப்பால் இருப்பவர் ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்க இயலும். அவர் எவரை நினைவில் வைத்திருப்பார்?

தாம் செய்யத் தெரிந்ததைத் திட்டமாகச் சொல்பவரையே என்பது நம் கருத்து. ஆனால் நம் பிள்ளைகள் அதைத்தான் மறைக்கின்றனர். தாய் வீட்டுத் திண்ணையில் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெற்றுக் கையால் அப்பர் தைக்கிறார். படித்த மகளுக்கும் அத்தையல் தெரியும். படிப்பு முடிந்தபின் ஓராண்டு ஷூ கம்பெனியில் உழைத்த மகன், அவ்வோராண்டைத் தாளில் காட்டாமல் விட்டுவிடுகிறான். தோல் வேலை என்றால் இழிவாகப் பேசும் சமூகத்தின் குற்றம் இது, பிள்ளைகளின் குற்றமன்று. எனினும் இழப்பு அவர்களுக்கே. எழுதாத ஓராண்டு, முகாமில் சும்மா இருந்த ஓராண்டாகவே எண்ணப்படும்.

அவ்வேலையில் அடங்கிய அறிவு சிறிதா? தோலின் முதுகுப் பகுதி இறுக்கமானது, வயிற்றுப் பகுதி இழுபடுவது. உண்ணி கடித்த வடுவையும் முள் கீறலையும் விலக்கி, இரு காலுக்கும் நிறம் பொருந்த, வீணாக்காமல் வெட்டவேண்டும். ஆகவே, ‘கம்பெனியில் வேலை பார்த்தேன்’ என்று முடித்துவிடலாகாது. ‘கட்டிங் பிரிவில் ஓராண்டு இருந்தேன், எந்தக் குறையுள்ள தோலை ஒதுக்கவேண்டும் என்பதை அறிவேன், நாளொன்றுக்கு இத்தனை ஜோடி’ என்று சொல்லட்டும். எண்ணிக்கை உண்மையாக இருத்தல் வேண்டும். அடுத்த கேள்வியிலேயே பொய் வெளிப்பட்டுவிடும். கூர்ந்து பார்க்கும் இக்கண், தோலில்லாத் தொழிலிலும் தரச் சோதனைக்கு உதவும். இராணிப்பேட்டை மாவட்டப் பனப்பாக்கத்தில் 2024 ஆம் ஆண்டு டாட்டா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கும், தைவானின் ஹோங் ஃபூ நிறுவனத்தின் தோலல்லாக் காலணித் தொழிற்சாலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டதை நினைவில் கொள்வோம்.

2019 இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின், வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை ஆகிய மூன்றிலும் முகாம்கள் நடைபெறுகின்றன. எந்தெந்த நிறுவனங்கள் வருகின்றன என்பதை முன்னதாகவே அறிந்து, அவற்றுள் இரண்டு மூன்றைத் தேர்ந்து, அவை என்ன செய்கின்றன என விசாரித்துச் செல்வது நலம். எல்லா மேசையிலும் தாளைப் போட்டுவிட்டு வருவதால் பயன் குறைவு.

பெற்றோருக்கும் ஒரு சொல். துணைக்குச் செல்லுங்கள், ஆனால் மேசையருகே நின்று பிள்ளைக்காக நீங்கள் விடை கூறாதீர்கள். பெண் பிள்ளைகள் இரவு முறை உண்டா, கம்பெனிப் பேருந்து நம் ஊர் வருமா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று தாமே கேட்கட்டும். இவற்றைக் கேட்பவரை நல்ல முதலாளி வெறுப்பதில்லை. அரசு நடத்தும் முகாமுக்குக் கட்டணம் கிடையாது. வேலை வாங்கித் தருவதாக வாயிலில் நின்று பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். அசல் சான்றிதழைக் காட்டலாம். கொடுத்துவிட்டு வருவதற்கு நகலே போதும்.