வீடா, கடையா?
வாசலில் போர்டு மாட்டினால் மட்டும் வீடு கடையாகிவிடாது

திருவனந்தபுரம் சாலை பஜாரின் பழைய கட்டடங்களில் வீடு எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு அது. முன்பக்கம் வியாபாரம், பின்கட்டிலோ மாடியிலோ குடித்தனம். தமிழ் வியாபாரிகள் பலர் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் பிழைத்தார்கள். இது குடியிருப்பா, வணிகமா என்று அவர்களை அன்று யாரும் கேட்கவில்லை.

இன்று மாநகராட்சி கேட்கிறது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

முதல் கேள்வி நிலத்தைப் பற்றியது. அது எந்த மண்டலத்தில் இருக்கிறது? இதற்கு மாஸ்டர் பிளான் பதில் சொல்லும். இரண்டாவது கேள்வி கட்டடத்தைப் பற்றியது. எந்த உபயோகத்துக்கு அனுமதி வாங்கிக் கட்டினீர்கள்? இதற்குக் கட்டட விதிகள் பதில் சொல்லும். வணிக மண்டலத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒரு வீடு கடையாகிவிடாது. கடையாகக் கட்டப்பட்டது என்பதாலேயே குடியிருப்பு மண்டலத்தில் அது செல்லுபடியாகிவிடாது. மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருப்பவர்கள்தான்.

கேரள நகராட்சிக் கட்டட விதிகள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எழுத்து தருகின்றன. குடியிருப்பு என்றால் ஏ1. அலுவலகம் இ. கடை கண்ணி எஃப். செங்கல் ஒன்றைக்கூட நகர்த்தாமல் உபயோகத்தை மட்டும் மாற்றினாலும், ஓர் எழுத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அனுமதி வேண்டும்.

அப்படியானால் வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டவர் குற்றவாளியா? இல்லை. 1999ஆம் ஆண்டு விதிகள் இந்த விஷயத்தில் வியக்கத்தக்க தாராளம் காட்டின. வக்கீல், டாக்டர், இன்ஜினீயர், ஆடிட்டர் ஆகியோரோடு தையல்காரர், அழகுக்கலை நிபுணர், போட்டோகிராபர், டைப்பிஸ்ட், டெலிபோன் பூத் நடத்துபவர் வரை ஒரு நீண்ட பட்டியல் போட்டன. (பட்டியல் எழுதப்பட்ட காலம் எது என்று சொல்ல அந்த பூத் ஒன்றே போதும்.) இவர்கள் வீட்டிலேயே தொழில் செய்யலாம், கட்டடம் ஏ1 ஆகவே நீடிக்கும். நிபந்தனைகள் இரண்டு. தொழில் நடக்கும் இடம் 50 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 538 சதுர அடி. அந்த இடம் குடியிருப்பின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். 2019ல் புதிய விதிகள் வந்துவிட்டன. ஆனாலும் குடியிருப்புக்கும் வணிகத்துக்கும் தனித்தனி எழுத்து என்ற முறை மாறவில்லை.

குடும்பம் வேறு வீட்டுக்குப் போய், மொத்தக் கட்டடமும் ஜவுளி கிடங்காகும்போதுதான் சிக்கல். வணிகக் கட்டடத்துக்கு வண்டி நிறுத்த இடம், தெரு அகலம், தீத்தடுப்பு என்று தேவைகள் கூடிக்கொண்டே போகும். கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனையிலும் உள்ள அக்கிரகார வீடுகளைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் ஒரே சுவர். பக்கவாட்டில் இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை. கார் நிறுத்தும் இடம் தெருதான். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, பெரிய வீட்டைப் பராமரிக்க முடியாமல் வாடகைக்கு விட நினைக்கும் வயதானவர்களுக்குக் கடைக்காரர் தரும் வாடகை பெரிய ஆசை. எழுத்தை மாற்ற அந்த வீடுகளின் அமைப்பு இடம் தராது. மாற்றாமல் விட்டால் சட்டம் விடாது.

"கமர்ஷியல் ரேட்டில் கரண்ட் பில் கட்டுகிறோமே, வரியும் கட்டுகிறோமே" என்பது வழக்கமான சமாதானம். அது செல்லாது. அனுமதியற்ற கட்டடங்களுக்குக் கேரள உள்ளாட்சிகள் 'யு.ஏ.' என்ற அடையாளத்தோடு எண் கொடுத்துக் கூடுதல் வரியும் வசூலிக்கின்றன. அந்த ரசீது வரி கட்டியதற்கு ஆதாரம், அவ்வளவே. கட்டடத்துக்கு அங்கீகாரம் அல்ல.

எவ்வளவு தூரம் போகும் என்பதை மீரட் காட்டியது. சாஸ்திரி நகரில் குடியிருப்புக்காக ஒதுக்கப்பட்ட மனையில் 1990 வாக்கில் கடைகள் எழுந்தன. கடைகளை விலைக்கு வாங்கியவர்கள், இத்தனை ஆண்டுகள் கழித்தா என்று கேட்டார்கள். 2024 டிசம்பர் 17 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய உச்ச நீதிமன்ற பெஞ்ச் இடிப்பு உத்தரவை உறுதி செய்தது. காலதாமதமோ அதிகாரிகளின் அலட்சியமோ விதிமீறலை நியாயமாக்காது என்றது. அனுமதியற்ற கட்டடத்தில் வியாபார உரிமம் தரக் கூடாது, உரிய சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்ற அதன் கட்டளைகள் மீரட்டோடு நிற்பவை அல்ல. திருவனந்தபுரத்துக்கும் அவை பொருந்தும்.

டெல்லி வேறு வழியில் போனது. 2006ல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்கு சீல் வைக்கப்பட்டபோது நகரமே கொதித்தது. 2,000க்கும் மேற்பட்ட தெருக்களில் வணிகத்தையோ, வீடும் கடையும் கலந்த உபயோகத்தையோ அனுமதித்து, அரசு வரைபடத்தையே மாற்றியது.

கேரளத் தலைநகரில் வரைபடமே நீண்ட காலம் தகராறில் இருந்தது. 1971ல் ஒப்புதல் பெற்ற மாஸ்டர் பிளானுக்குப் பதிலாக 2012ல் வந்த வரைவை, தங்கள் வீட்டு மனைகள் வேறு நிறத்தில் தீட்டப்பட்டதைக் கண்ட மக்கள் எதிர்த்தார்கள்; அரசு அதை நிறுத்திவைத்தது. பிறகு 2040ஐ இலக்காக வைத்துப் புதிய திட்டம் தயாரானது. கோட்டைப் பக்கம் பழைய வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர், பத்திரத்தோடு இன்னும் இரண்டைக் கேட்டுப் பார்ப்பது நல்லது: மனையின் மண்டலம் எது, கட்டடத்தின் எழுத்து எது. முன்பணம் கொடுத்த பிறகு அல்ல, அதற்கு முன்பே.