விரியன் எல்லாம் விரியன் அல்ல!

"டேய், நீ மெக்கானிக்கல்தானே? மலருக்குப் பாம்பைப் பத்தியா எழுதப்போறே?" என்று அறை நண்பன் சிரித்தான். சிரிக்கட்டும். பத்தாம் வகுப்போடு விலங்கியலுக்கு முழுக்குப் போட்டவன்தான் நானும். ஆனால் 'இனம்', 'குடும்பம்' என்ற இரண்டு சொற்களை இஷ்டத்துக்குப் பயன்படுத்தியதால் எங்கள் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது. அதனால்தான் நண்பர்களே, இந்தக் கட்டுரை.

போன வருஷம் செமஸ்டர் லீவு. சித்தப்பா திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். நடுராத்திரியில் காலில் ஏதோ சுருக்கென்றது என்று எழுந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், கறுத்த உடம்பில் வெள்ளைக் கோடுகளோடு ஒரு பாம்பு சுவரோரம் போகிறது. "கட்டுவிரியன்டா!" என்றார் பெரியப்பா. ஆனால் காலில் வீக்கம் இல்லை, வலி இல்லை, ரத்தமும் இல்லை.

"பக்கத்து ஊர்ல ஒருத்தரைக் கண்ணாடி விரியன் கடிச்சுது. கால் பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு. இதுவும் அதே இனந்தானே? வீங்கலைன்னா விஷம் ஏறலைன்னு அர்த்தம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் நிம்மதி. டிப்ளமோ படிக்கிற நானும் தலையாட்டினேன்!

விடியற்காலையில் சித்தப்பாவுக்கு வயிற்றுவலி. கொஞ்ச நேரத்தில் கண் இமைகளைத் தூக்க முடியவில்லை. பேச்சுக் குழறியது. அலறியடித்துக்கொண்டு வேனில் தூக்கிப்போட்டுப் போனோம். விஷமுறிவு மருந்து கொடுத்து, மூன்று நாள் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். அங்கிருந்த டாக்டர் அம்மா என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தம்பி, பேர்லதான் விரியன். குடும்பம் நல்லபாம்புக் குடும்பம்."

ஸ்டோரில் போல்ட் கேட்பது போல

ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் போய் "ஒரு போல்ட் குடுங்கண்ணே" என்றால் என்ன நடக்கும்? "என்ன போல்ட்? என்ன சைஸ்? என்ன பிட்ச்?" என்று கேட்பார். உயிரினங்களிலும் அப்படியே. பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, அதற்குள் இன்னும் சின்னது என்று அடுக்கியிருக்கிறார்கள்: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட நூல் பதிப்பிலிருந்துதான் விலங்குகளுக்கு இப்போதைய இரட்டைப் பெயர் முறை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. முதல் பெயர் பேரினம். இரண்டும் சேர்ந்தால் சிற்றினம்.

நாம் பேச்சில் எல்லாப் பெட்டிக்கும் 'இனம்' என்ற ஒரே லேபிளை ஒட்டிவிடுகிறோம். வினை அங்கேதான் ஆரம்பம்.

நம் ஊரில் அதிக உயிர்களைக் குடிக்கும் நான்கு பாம்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்:

நல்லபாம்பு – பேரினம் நாஜா, குடும்பம் எலாப்பிடே.
கட்டுவிரியன் – பேரினம் பங்காரஸ், குடும்பம் எலாப்பிடே.
கண்ணாடி விரியன் – பேரினம் டபோயா, குடும்பம் வைப்பரிடே.
சுருட்டை விரியன் – பேரினம் எக்கிஸ், குடும்பம் வைப்பரிடே.

பார்த்தீர்களா? 'விரியன்' என்ற வால் மூன்று பாம்புக்கு இருக்கிறது. விரியன் குடும்பம் என்று பார்த்தால் இரண்டுதான் தேறும்.

வைப்பரிடே குடும்பத்துக்கு மடக்கி நீட்டக்கூடிய நீண்ட விஷப்பற்கள். கடித்தால் பெரும்பாலும் வலி, வீக்கம், ரத்தம் உறையாமை. எலாப்பிடே குடும்பத்துக்கு முன்பக்கம் நிலையாக நிற்கும் குட்டைப் பற்கள். நம் ஊர் நல்லபாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தக்கூடியவை. அப்படியானால் குடும்பம் தெரிந்தால் போதுமா? போதாது! நல்லபாம்பு கடித்த இடம் நன்றாக வீங்கும். கட்டுவிரியன் கடித்த தடமே சில சமயம் தெரியாது. குடும்பம் ஒன்று, பேரினம் வேறு. எங்கள் பெரியப்பா பாம்பைச் சரியாகத்தான் அடையாளம் கண்டார். அதைத் தப்பான பெட்டியில் போட்டதுதான் கோளாறு.

வாக்கியத்தில் அமைத்துப் பழகுவோம்

தவறு: கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் ஒரே இனம்.
சரி: கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் வேறு வேறு குடும்பங்கள்.

தவறு: பாம்பு ஒரு குடும்பம்.
சரி: பாம்புகளில் பல குடும்பங்கள் உண்டு.

தவறு: அல்சேஷன் ஒரு சிற்றினம், ராஜபாளையம் இன்னொரு சிற்றினம்.
சரி: அல்சேஷனும் ராஜபாளையமும் நாய் என்ற ஒன்றின் இரண்டு வளர்ப்பு வகைகள்.

தவறு: ராஜநாகம் என்பது நல்லபாம்பில் பெரிய சைஸ்.
சரி: ராஜநாகம் நல்லபாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது, பேரினம் வேறு.

ராஜநாகத்தையே ஒரே சிற்றினம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2024-ல் ஆராய்ச்சியாளர்கள் அதை நான்கு சிற்றினங்களாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது அதில் தனி ஒன்று. பெட்டி மாறலாம். ஆனால் எந்தப் பெட்டியைச் சொல்கிறோம் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

ஒரு சுலபமான வழி சொல்கிறேன். 'இனம்' என்று வாயில் வந்தால் ஒரு நொடி நிறுத்தி, "எந்த இனம்? பேரினமா, சிற்றினமா, இல்லை குடும்பத்தைச் சொல்றோமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் "ஒரு வகைப் பாம்பு" என்று சொல்லிவிடுங்கள். அதில் தப்பே இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதுதான் ஆபத்து.

கடைசியாக ஒன்று

இதைப் படித்துவிட்டு, யாரையாவது பாம்பு கடித்தால் குடும்பம் கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடாதீர்கள்! பாம்பைப் பிடிக்கவும் ஓட வேண்டாம். நம் நாட்டில் கிடைக்கும் கூட்டு விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்குமே பொருந்தும்படி தயாரிக்கப்படுவது. கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சித்தப்பா இப்போது கட்டிலில், கொசுவலைக்குள் படுக்கிறார். பெரியப்பாவிடம் யாராவது "எல்லா விரியனும் ஒண்ணுதானே?" என்றால் போதும், எலாப்பிடே, வைப்பரிடே என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது, அன்றைக்குத் தலையாட்டிய அதே டிப்ளமோ மாணவன்தான்!