நின்றவர்தான் படத்தில் விழுவார், தெரியுமா?

1838-இல் பாரிசின் பரபரப்பான தெரு ஒன்றைப் புகைப்படக் கலை முன்னோடி டாகுவேர் படமெடுத்தார். வந்த படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடந்தது! ஒளி பதியவே பல நிமிடம் பிடித்த காலம் அது. நடந்தவரும் ஓடிய குதிரையும் பதியவே இல்லை. சப்பாத்துக்கு பாலிஷ் போட நின்ற ஒருவரும், அவர் காலடியில் இருந்தவரும்தான் தப்பினார்கள். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர்கள் இவர்கள்தான் என்கிறார்கள்!

அந்த அதிசயம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இன்றைக்கும் நடக்கும், தெரியுமா? விளக்கு போட்டபின் ஜாலான் துன் சம்பந்தன் அஞ்சடி நடைபாதையில் பூக்கடைக்கு எதிரே நில்லுங்கள். கேமராவைத் தூணில் அழுத்திப் பிடித்து, ஷட்டரை அரை நொடிக்கு வையுங்கள். சாமான் பைகளோடு விரையும் கூட்டம் புகையாய்க் கரையும். பூ கட்டும் அக்கா மட்டும் அப்படியே இருப்பார். முகம் தெளிவு, மடியில் குவிந்த மல்லிகை தெளிவு, நூலைச் சுற்றும் விரல்நுனி மட்டும் மங்கல். அத்தனை இரைச்சலுக்கு நடுவே அந்த அமைதி எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது!

நிழலே காணாமல் போகும் நாளும் உண்டு! கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருப்பதால், மார்ச் 28, செப்டம்பர் 15 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் வாக்கில்! 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதும் அதற்கு ஒரு காரணம். அந்தியோ இங்கே அவசரக்காரி. சூரியன் மறைந்து இருபது நிமிடம் சொச்சத்தில் நீலம் போய் இருட்டிவிடும். காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள்.

1881-இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின், மீண்டும் கட்டச் செங்கல் சுட்ட மண் பிரிக்பீல்ட்ஸ். 1904-இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமத்தை, சுற்றி நிற்கும் கண்ணாடிக் கோபுரங்களோடு ஒரே சட்டத்தில் பிடியுங்கள்.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கியது; அதன் இருப்பிடமும் இதே வட்டாரம்தான். வெள்ளைக்கோலோடு வருபவரைச் சத்தமில்லாமல் எடுப்பது என்னைப் பொறுத்தவரை களவு. குரல் கொடுத்துக் கேளுங்கள். சரி என்றால் எடுத்துவிட்டு, படத்தில் என்னென்ன இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று அவருக்கு விவரமாகச் சொல்லுங்கள்.