கிறிஸ்துமஸ் கேரல்: ஒரு பியானோ, இரண்டு பிள்ளைகள்

நவம்பர் வந்துவிட்டால் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் கேரல் ஒத்திகை களைகட்டும். பியானோ கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது நல்ல சமயம். கிரேடு 2, 3 அளவில் இருக்கும் பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்துப் பாருங்க.

தனியாக வாசிக்கிற பிள்ளை தப்பு வந்தால் நிறுத்தும், பின்னால் போய் மறுபடி தொடங்கும். பக்கத்தில் இன்னொருவர் வாசித்துக்கொண்டே போகும்போது அப்படி நிற்க முடியாது. டூயட்டின் முதல் பாடமே அதுதான்: தப்பினாலும் தாளத்தை விடாதே.

எந்தப் பாட்டில் தொடங்குவது?

முதலில் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பல்லவி. சி மேஜரில் அதன் மெட்டு சி முதல் ஜி வரை ஐந்து கட்டைக்குள் அடங்கும். கையை நகர்த்த வேண்டியதில்லை.

அடுத்து ‘சைலன்ட் நைட்’. 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃபில் மோர், குரூபர் இருவரும் கித்தாருடன் சேர்ந்து பாடிய பாட்டு இது. சி, எஃப், ஜி7 என மூன்று கார்டு போதும். மூன்று தட்டுக் கணக்கில் 24 பார். கீழ்ப்பகுதி வாசிப்பவர் முதல் தட்டில் இடது கையால் அடிச்சுரம், அடுத்த இரண்டு தட்டில் வலது கையால் கார்டு. மேல்பகுதியில் சிக்கல் இரண்டே இடம்: 4-ஆம் பாரிலிருந்து 5-க்கும், 16-இலிருந்து 17-க்கும் போகும்போது இ-யிலிருந்து மேலே டி-க்குத் தாவணும். அந்தத் தாவலை மட்டும் தனியாகப் பத்துத் தடவை பழக்கிடுங்க.

சேர்த்து வாசிக்கும்போது

மெட்டு வாசிப்பவர் வலப்பக்கம், ஒரு ஆக்டேவ் மேலே வாசிக்கட்டும், முழங்கை இடிக்காது. வீட்டில் 61 கட்டை கீபோர்டுதான் என்றாலும் இடம் போதும். பெடல் இருந்தால் கீழ்ப்பகுதிக்காரர் பொறுப்பு. அவரே ஒரு பார் எண்ணித் தொடங்கட்டும். கீழ்ச்சுரங்கள் எளிதில் மெட்டை அமுக்கிவிடும், அதனால் அவர் மெதுவாகவே வாசிக்கணும்.

ஒரு பயிற்சி: நீங்க ஒருமுறை கைதட்டினால் மெட்டுக்காரர் நிறுத்தி, மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கணும். மறுபடி தட்டினால் பாட்டு இருக்கிற இடத்திலேயே சேர்ந்துகொள்ளணும். கீழ்ப்பகுதிக்காரர் நிற்கவே கூடாது. பிறகு பொறுப்பை மாற்றிக் கொடுங்க. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வாங்க.

யாருக்கு எந்தப் பகுதி?

இங்கேதான் மனத்தாங்கல் வரும். “எங்க பிள்ளைக்கு ஏன் பாட்டு இல்லை, வெறும் கார்டு மட்டும்?” என்று பெற்றோர் கேட்பாங்க. கெட்டிக்காரப் பிள்ளைக்கே எப்போதும் மெட்டைக் கொடுத்தால் மற்றப் பிள்ளை சோர்ந்துபோகும். அதனால் இருவருக்கும் இரண்டு பகுதியையும் சொல்லிக்கொடுங்க. ஒரு பாட்டில் மெட்டு வாசித்தவர் அடுத்த பாட்டில் கீழே வரட்டும். தாளத்தைத் தாங்குபவர் இல்லாமல் மெட்டு நிற்காது என்பதைப் பெற்றோர் முன்னாலேயே வாசித்துக் காட்டிடுங்க. கார்டு இல்லாமல் ஒருமுறை, கார்டோடு ஒருமுறை. வித்தியாசம் அவங்களுக்கே புரியும்.