புது கம்ப்யூட்டருக்கு மாறுறீங்களா? பழசைக் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

அப்பாவுக்குப் புது லேப்டாப் வந்தது. பழைய கம்ப்யூட்டரை மறுநாள் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக ஏற்பாடு. போட்டோ, டாக்குமென்ட் எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்கில் காப்பி பண்ணியாச்சு. ராத்திரி அப்பா கேட்டார்: "என் மெயில் எல்லாம் எங்கே?" புது லேப்டாப்பில் இன்பாக்ஸ் காலி! பி.எஃப். கடிதம் உட்பட 11 வருஷ மெயில், பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. அதனால் புது கம்ப்யூட்டருக்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டியவை இதோ...

மெயில் ஏன் காணாமல் போகிறது?

மெயில் ஆப்கள் இரண்டு முறைகளில் இயங்கும். 'ஐமேப்' முறையில் மெயில் சர்வரிலேயே இருக்கும். புது கம்ப்யூட்டரில் லாகின் செய்தாலே வந்துவிடும். ஜிமெயிலை பிரவுசரில் பார்ப்பவர்களுக்கும் கவலை இல்லை.

'பாப்' முறைதான் சிக்கல். அது மெயிலை இறக்கி நம்ம கம்ப்யூட்டரில் வைக்கும். சர்வரிலும் ஒரு காப்பி இருக்கட்டும் என்று செட்டிங்கில் சொல்லவில்லை என்றால், அங்கே எதுவும் மிஞ்சாது. அவுட்லுக்கில் 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' போய்ப் பாருங்க. அக்கவுன்ட் பெயர் பக்கத்திலேயே பாப்பா, ஐமேப்பா என்று இருக்கும்.

எப்படி எடுப்பது?

அவுட்லுக்கை மூடிவிட்டு, டாக்குமென்ட்ஸில் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' ஃபோல்டரைத் திறங்க. பி.எஸ்.டி. என்று முடியும் ஃபைலில்தான் மொத்த மெயிலும் இருக்கும். அதைக் காப்பி செய்து, புது கம்ப்யூட்டரில் கிளாசிக் அவுட்லுக்கில் திறந்தால் போதும். தண்டர்பேர்டு பயன்படுத்துறவங்க அதன் 'புரொஃபைல்' ஃபோல்டரை முழுசா எடுக்கணும்.

ஒரு விஷயம்: பென் டிரைவ் 'ஃபேட் 32' ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபி-க்கு மேல் உள்ள ஃபைல் ஏறாது. பல வருஷ மெயில் அந்த அளவைத் தாண்டலாம். 'எக்ஸ்ஃபேட்' ஃபார்மேட் உள்ள டிரைவில் ஏற்றுங்க.

மறந்துபோகும் மற்ற இரண்டு

ஃபான்ட்: பாமினி மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்டில் டைப் செய்த ஃபைலைப் புது கம்ப்யூட்டரில் திறந்தால், வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். ஃபைல் கெட்டுப்போகலை, அந்த ஃபான்ட் அங்கே இல்லை, அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து அதையும் எடுத்துக்கோங்க.

பாஸ்வேர்டு: குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஃபைலாக எடுக்கலாம். ஆனால் அதை யார் திறந்தாலும் படிக்க முடியும். புது கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அந்த ஃபைலை அழிச்சிடுங்க.

எப்போது அழிக்கலாம்?

காப்பி ஆனதும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்து, ஃபைல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்க. பத்து ஃபைலையாவது திறந்து பாருங்க. இரண்டு வாரம் புதுசில் வேலை செய்த பிறகு பழசை 'ரீசெட்' பண்ணுங்க. யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், அதில் 'க்ளீன் டேட்டா' வசதியையும் ஆன் செய்யணும்.

அப்பாவின் மெயில் அன்று ராத்திரியே கிடைத்துவிட்டது. எக்ஸ்சேஞ்சை மட்டும் இரண்டு வாரம் தள்ளிப் போட்டோம்.